ஒரு வினாவுக்கு ஏழாண்டுகள்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, என்னிடம் இளங்கலைத் தமிழ் பயின்று முடித்த மாணவி ஒருத்தி தடித்த வினாத்தொகுப்பு ஒன்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். கணக்கும் மொழியும் அவளுக்கு ஒருவாறு கைவந்துவிட்டன. ‘கிரிட்டிகல் ரீசனிங்’ என்னும் பகுதியில் ஒருவகை வினா மட்டும் அவளைத் தொடர்ந்து வீழ்த்திக்கொண்டிருந்தது. நான்கைந்து வரிகளில் ஒரு வாதம் தரப்பட்டிருக்கும். பின்வருவனவற்றுள் எது உண்மையாக இருந்தால் இவ்வாதம் மிகுதியும் வலுவிழக்கும் என்று கேட்டு, ஐந்து விடைகளைக் கொடுத்திருப்பார்கள். ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

“வாதம் தப்புன்னு காட்டற விடையைத்தான் ஐயா தேடறேன். அப்படி ஒண்ணு இருக்கவே மாட்டேங்குது” என்றாள்.

அவளுடைய இடர்ப்பாடு அந்த ஒரு சொல்லில் இருந்தது. வாதத்தைத் தப்பென்று நிறுவுவது வேறு, வலுவிழக்கச் செய்வது வேறு. நன்னூல் எண்ணிக்காட்டும் எழுவகை மதங்களை அவளுக்கு நினைவூட்டினேன். பிறர் கருத்தை மறுத்தல் அவற்றுள் ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல் இன்னொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும் என்று பவணந்தியாருக்குத் தோன்றியிருக்கிறது. தேர்வு கேட்பது இரண்டாவதற்கு நெருக்கமானது. வாதி சொன்ன சான்றுகளை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்; அவற்றோடு பூசலிடக் கூடாது. அந்தச் சான்றிலிருந்து அவர் தம் முடிவுக்குத் தாவுகிறாரே, அந்தத் தாவலுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைக் காட்டினால் போதும். அவர் முடிவு உண்மையாகவே இருந்துவிடலாம். ஆனால் அவர் காட்டிய சான்று அதை இனிமேல் தாங்காது.

முதுகலையில் மணிமேகலையின் 29ஆம் காதையை மனனம் செய்து வருந்தியவர்களுக்கு இது புதிதன்று. அறவண அடிகள் ஏதுப்போலிகளை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாகப் பகுத்து உரைக்கிறார். ஏதுவே நிலைபெறாதிருப்பது அசித்தம். ஏது எதிர்மாறான முடிவுக்குக் கொண்டு செல்வது விருத்தம். இடையிலுள்ள அநைகாந்திகத்தின் பரவலான வகை, துணியக் கருதிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது. இருபுறமும் சாயக்கூடியது என்பதால் அது எப்புறத்துக்கும் சாட்சியாகாது. இன்றைய தேர்வுகளின் வலுவிழக்கச் செய்யும் வினாக்களில் பெரும்பகுதி இந்த அநைகாந்திகத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினாக்கள்தாம். ஜிமாட், எல்சாட் போன்ற அமெரிக்கத் தேர்வுகளிலும் நம் நாட்டு நுழைவுத் தேர்வுகள் பலவற்றிலும் இவை இடம்பெறுகின்றன. எல்சாட்டில் 2024 ஆகஸ்டு முதல் ‘லாஜிக் கேம்ஸ்’ என்ற பகுதியையே நீக்கிவிட்டு, இத்தகைய வாத வினாக்களுக்கு மேலும் இடம் தந்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் அவள் முகம் தெளியவில்லை. ஆகவே ஒரு வரலாற்றைச் சொன்னேன். பெருந்திரளான மாணவர்களை ஒரே வினாத்தாளால் அளக்கும் முறையை அமெரிக்காவில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையான ஒருவர், தம் வாழ்வின் முக்கியமான ‘வலுவிழக்கச் செய்க’ வினாவுக்குத் தவறான விடையைத் தேர்ந்த வரலாறு அது. அவர் பெயர் கார்ல் பிரிகம். சரியான விடைக்கு வந்துசேர அவருக்கு ஏழாண்டுகள் ஆயின.

*

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அவ்வாண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர் ராபர்ட் யெர்கீஸ். உளவியல் ஓர் அறிவியல் என்று மெய்ப்பிக்கப் போர் நல்ல வாய்ப்பாக அவருக்குத் தோன்றிற்று. லூயிஸ் டெர்மன், ஹென்றி காடர்ட் முதலியோரைச் சேர்த்துக்கொண்டு, நியூ ஜெர்சியின் வைன்லாந்தில் அமர்ந்து படைவீரர்க்கான அறிவுத் தேர்வுகளை வகுத்தார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ‘ஆல்ஃபா’. எழுத்தறியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் ‘பீட்டா’. போர் முடிவதற்குள் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தேர்வுகளை எழுதிவிட்டனர். மனிதக் கூட்டம் ஒன்று அவ்வளவு பெரிய அளவில் அதற்கு முன் தேர்வு செய்யப்பட்டதில்லை.

ஆல்ஃபாவில் ஒரு பகுதி பொதுச்செய்திகளைக் கேட்டது. கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப்பொருளா? கிறிஸ்டி மேத்யூசன் என்பவர் எழுத்தாளரா, ஓவியரா, பேஸ்பால் ஆட்டக்காரரா, நகைச்சுவை நடிகரா? கிரிஸ்கோ அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. மேத்யூசன் அந்நாட்டுச் சிறுவர்கள் கொண்டாடிய பந்து வீச்சாளர். பீட்டாவில் எழுத்து இல்லை, படங்கள் இருந்தன. குறைபட்ட படத்தைப் பார்த்து விடுபட்டதை வரைய வேண்டும். டென்னிஸ் ஆடுகளத்தில் வலை இல்லை; ஃபோனோகிராஃப் பெட்டியில் ஊதுகுழல் இல்லை. சைகைகளால் விளக்கப்பட்ட கட்டளைகளைப் புரிந்துகொண்டு, நேரம் முடிவதற்குள் பென்சிலால் செய்து காட்ட வேண்டும். சிசிலியின் ஒரு சிற்றூரிலிருந்தோ போலந்தின் ஒரு பண்ணையிலிருந்தோ கப்பலேறி வந்து ஈராண்டு ஆன உழவன் ஒருவன் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பார்த்தால் மீதி விளங்கும்.

முடிவுகளை யெர்கீஸ் 1921இல் தேசிய அறிவியல் கழகத்தின் வெளியீடாகப் பெருந்தொகுதியாக்கினார். வெள்ளையினப் படைவீரர்களின் சராசரி மனவயது 13 என்று அது சொன்னது. பிறநாட்டில் பிறந்தவர்களை நாடுவாரியாக அடுக்கியபோது, வடமேற்கு ஐரோப்பியர் மேலேயும், இத்தாலியரும் போலந்தினரும் ரஷ்யரும் கீழேயும் வந்தனர். அந்தத் தொகுதியில் இன்னோர் அட்டவணையும் இருந்தது. பிறநாட்டில் பிறந்தவர்களை, அமெரிக்காவில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள் என்பதைக் கொண்டு ஐந்தாண்டுக்கு ஒரு படியாகப் பிரித்திருந்தார்கள். மதிப்பெண் படிப்படியாக ஏறிற்று. வந்து ஐந்தாண்டுக்குள் இருந்தவர்கள் அடியில் இருந்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள் அந்நாட்டிலேயே பிறந்த வெள்ளையர்க்கு ஏறத்தாழச் சமமாக இருந்தார்கள்.

இந்த அட்டவணையைத்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் இளம் உளவியல் ஆசிரியரான பிரிகம் கையிலெடுத்தார். 1890இல் பிறந்தவர். போர்க்காலத்தில் படைத் தேர்வுகளில் பணியாற்றியவர். 1923இல் ‘அமெரிக்க அறிவுத்திறனைப் பற்றிய ஓர் ஆய்வு’ என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய நூல் வெளிவந்தது. முன்னுரை யெர்கீஸ் எழுதியது. நூலின் முடிவு இது: பின்னாளில் வந்த குடியேறிகள் முன்னாளில் வந்தவர்களைவிடப் பிறவியிலேயே அறிவு குன்றியவர்கள். நார்டிக் இனத்தவர் குறைந்து ஆல்பைன், மத்தியதரை இனத்தவர் பெருகிவிட்டதே காரணம். இந்த இனப் பகுப்பை அவர் மாடிசன் கிராண்ட் என்பவரின் எழுத்துகளிலிருந்து பெற்றுக்கொண்டார். அமெரிக்காவின் அறிவு சரிந்துகொண்டே போகும் என்றும் எச்சரித்தார்.

*

மாணவியின் வினாத்தொகுப்பில் உள்ள அமைப்பிலேயே இதை எழுதிக் காட்டினேன்.

‘அமெரிக்காவில் 20 ஆண்டுக்கு மேல் வாழ்ந்த குடியேறிகள் படை அறிவுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். வந்து ஐந்தாண்டுக்குள் இருந்தவர்கள் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். ஆகவே அண்மைக்காலத்தில் வந்தவர்கள், முன்பு வந்தவர்களைவிடப் பிறவி அறிவில் தாழ்ந்தவர்கள்.’ கீழ்வருவனவற்றுள் எது உண்மையாயின் இவ்வாதம் மிகுதியும் வலுவிழக்கும்?

(அ) அண்மையில் வந்தவர்களுள் சிலர் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றனர்.
(ஆ) இவ்வாதத்தை முன்வைத்தவர் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த விரும்பியவர்.
(இ) தேர்வில் நல்ல மதிப்பெண் பெற அமெரிக்க மொழியோடும் அன்றாட வழக்கங்களோடும் பழக்கம் வேண்டும்; அப்பழக்கம் அங்கே வாழும் ஆண்டுகளோடு வளர்கிறது.
(ஈ) பிற நாடுகளும் தம் படைவீரர்க்கு இத்தகைய தேர்வுகளை நடத்த எண்ணின.
(உ) இங்கிலாந்தில் பிறந்த குடியேறிகள் பிறரைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்றனர்.

அவள் முதலில் (அ)வைத் தொட்டாள். பெரும்பாலோர் செய்வது அதுதான். ஆனால் வாதம் சராசரியைப் பற்றியது. சில விதிவிலக்குகளால் சராசரிக்கு ஒன்றும் நேர்வதில்லை. அடுத்து (ஆ)வில் தயங்கினாள். அது நம் சினத்துக்கு நிறைவு தரும் விடை. ஆனால் ஒருவரின் நோக்கம் கெட்டதாக இருப்பதால் அவர் ஏது கெட்டுவிடாது. (ஈ)க்கும் வாதத்துக்கும் தொடர்பில்லை. (உ) பிரிகமுக்கே துணைபோவது போலத் தோன்றும். (இ) மட்டுமே சான்றை முழுமையாக ஏற்றுக்கொண்டு, அதே சான்று வேறொரு காரணத்தாலும் விளையும் என்று காட்டுகிறது. மதிப்பெண் ஏறுவது பிறவித் திறன் இருந்தாலும் நேரும். வெறும் பழக்கம் இருந்தாலும் நேரும். அறவண அடிகளின் சொல்லில், அநைகாந்திகம்.

“இதுகூடவா ஐயா அவருக்குத் தெரியல?” என்று கேட்டாள்.

தெரிந்திருந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை உறுத்தும் பகுதி. (இ) என்ற விடை பிரிகமின் கண்ணில் பட்டது. அவர் அதைத் தம் நூலிலேயே எடுத்துப் பேசி, பிறகு அடித்துவிட்டார். ஆங்கிலப் பழக்கம்தான் காரணமென்றால், எழுத்தே இல்லாத பீட்டாத் தேர்வில் இந்த ஏற்றம் மறைய வேண்டும். அங்கும் ஏற்றம் இருக்கிறது. எனவே மொழி காரணமன்று என்று வாதித்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல மறுப்பு. ஆனால் படத்தேர்வுக்கு மொழி வேண்டாம் என்பதிலிருந்து பழக்கமே வேண்டாம் என்பது பெறப்படாது. டென்னிஸ் வலையைக் காண டென்னிஸைக் கண்டிருக்க வேண்டும். பென்சிலைப் பிடித்து ஓட்டப் பள்ளிக்கூடத்தின் வாசனையாவது வேண்டும். முட்டுக்கொடுக்க வந்த ஏதுவும் முதல் ஏதுவைப் போலவே இருபுறமும் சாய்ந்தது. வேறொரு வழியும் அடைபடாமல் கிடந்தது. அமெரிக்காவில் கால் ஊன்ற முடியாமல் ஊர் திரும்பிய குடியேறிகள் அக்காலத்தில், சிறப்பாக இத்தாலியருள், மிகப் பலர். இருபதாண்டு தங்கியவர்கள் என்போர் அப்படிச் சலித்தெடுக்கப்பட்ட எச்சமாகவும் இருந்திருக்கக்கூடும். முடிவை முன்னமே விரும்பிவிட்டவருக்கு இவ்வழிகளில் நடந்து பார்க்கக் கால் வரவில்லை.

*

வலுவிழக்கச் செய்தவர்கள் அக்காலத்திலேயே இருந்தனர். பிரிகமின் நூல் வெளிவருவதற்கு முன்பே, 1922இல், வால்டர் லிப்மன் ‘நியூ ரிபப்ளிக்’ இதழில் ஆறு கட்டுரைகளாகப் படைத் தேர்வுகளை ஆராய்ந்தார். அமெரிக்கரின் சராசரி மனவயது பதினான்குதான் என்று அந்நாளில் பரப்பப்பட்ட கூற்றை அவர் எடுத்துக்கொண்டார். வளர்ந்தவர்களின் சராசரி அறிவு, வளர்ந்தவர்களின் சராசரி அறிவைவிடக் குறைவாக இருக்க இயலாது. இருப்பதாக ஓர் அளவுகோல் சொன்னால் அந்த அளவுகோல் எங்கே, யாரைக் கொண்டு குறிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். அது கலிபோர்னியாவில் ஒரு சிறு கூட்டத்தைக் கொண்டு டெர்மன் குறித்தது. லட்சக்கணக்கானோரின் அளவு ஒருபுறமும் சிறு கூட்டத்தின் அளவு மறுபுறமும் இருக்க, பிழை மக்களிடம் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? டெர்மன் அதே இதழில் மறுமொழி எழுதினார். அதில் ஏளனம் மிகுந்திருந்தது; கேள்விக்கு விடை குறைந்திருந்தது.

1924இல் ஹோரஸ் மான் பாண்ட் என்னும் கறுப்பின இளைஞர், ‘தி கிரைசிஸ்’ இதழில் அறிவுத் தேர்வுகளையும் பிரச்சாரத்தையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 19. படைத் தேர்வின் எண்களையே எடுத்து, அவற்றை மாநிலங்களின் பள்ளிக்கல்வி நிலையோடு ஒப்பிட்டார். பள்ளி சிறந்த மாநிலத்தில் மதிப்பெண் உயர்கிறது, பள்ளி தாழ்ந்த மாநிலத்தில் மதிப்பெண் தாழ்கிறது, வெள்ளையரிடையேயும் அப்படித்தான். அப்படியானால் இத்தேர்வு பிறவியை அளக்கிறதா, பள்ளியை அளக்கிறதா? பெரிய பேராசிரியர்களின் அட்டவணையை, அவர்கள் கேட்க மறந்த ஒரு கேள்வியோடு ஓர் இளைஞர் திருப்பிப் படித்திருந்தார்.

அந்தத் திருப்பிப் படித்தலின் கூர்மை பின்னாளில் இன்னொரு முறை வெளிப்பட்டது. 1943இல் மானுடவியலாளர்களான ரூத் பெனடிக்டும் ஜீன் வெல்ட்ஃபிஷும் மனித இனங்களைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை எழுதினர். அதே ஆல்ஃபாத் தேர்வின் எண்களை அதில் எடுத்துக் காட்டினர். கென்டகியின் வெள்ளையருக்கு இடைநிலை மதிப்பெண் 41.50. ஒஹையோவின் கறுப்பினத்தவருக்கு 49.50. தென்னாட்டு வெள்ளையர் பிறவியில் தாழ்ந்தவர் என்று அவர்கள் சொல்லவில்லை. வருவாயும் பள்ளியும் வாழ்நிலையும் வேறுபட்டதால் மதிப்பெண் வேறுபட்டது என்றே சொன்னார்கள். படைவீரர்க்கு வழங்கவிருந்த அந்நூலின் விநியோகத்தை 1944இல் படைத்துறை நிறுத்திவிட்டது. அதை எதிர்த்து முன்னின்றவர், நாடாளுமன்றக் கீழவையில் படைத்துறைக் குழுவின் தலைவராக இருந்த ஆண்ட்ரு மே. அவர் கென்டகியின் உறுப்பினர். வலுவிழக்கச் செய்யும் விடை வினாத்தாளில் அச்சாகியிருந்தும், வினாத்தாளையே பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது?

*

மீண்டும் பிரிகமிடம் வருவோம். அவருடைய நூல் அவருக்குப் பெயர் தந்தது. அமெரிக்கக் கல்லூரித் தேர்வு வாரியம் புதிய தேர்வொன்றை வகுக்கும் பொறுப்பை அவர் தலைமையிலான குழுவிடம் தந்தது. 1926 ஜூன் 23 அன்று சாட் தேர்வு முதன்முறையாக நடந்தது. எழுதியவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். 97 நிமிடம், 315 வினாக்கள், ஒன்பது பகுதிகள். அவற்றுள் ஒன்று தருக்க அனுமானம் பற்றியது. இன்றைய வாத வினாக்களின் மூத்த உறவு என்று அதைச் சொல்லலாம்.

ஆண்டுதோறும் தேர்வை நடத்தி, வினாவாரியாக விடைகளை ஆராய்ந்த அந்தப் பணிதான் அவரை மாற்றியது என்று கருதுகிறேன். ஒரு தேர்வின் பகுதிகள் வெவ்வேறு திறன்களை அளப்பவையாக இருக்கும்போது, அவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்கி அதற்கு ‘அறிவு’ என்று பெயரிட இயலுமா? பெயரிட்டால் அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது? வினாக்களைத் தம் கையால் செய்து பார்த்தவருக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்க முடியாது.

1930இல் ‘சைக்காலஜிகல் ரிவ்யூ’ இதழில் குடியேறிகளின் அறிவுத் தேர்வுகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆல்ஃபாவின் பகுதிகளை ஒன்றாகக் கூட்டியதும், ஆல்ஃபாவையும் பீட்டாவையும் ஒரே அளவுகோலில் இணைத்ததும் ஏற்கத்தக்கவையல்ல என்று அதில் காட்டினார். ஒரு மொழியில் அமைந்த தேர்வைக் கொண்டு, அந்த மொழி வீட்டில் வழங்காத கூட்டத்தாரை மற்றவரோடு ஒப்பிட முடியாது என்றார். இத்தகைய இன, தேச ஒப்பீட்டு ஆய்வுகளை அவற்றின் அடிப்படையிலேயே தள்ளினார். தள்ளப்பட்டவற்றுள் தம்முடைய 1923ஆம் ஆண்டு நூலையும் வெளிப்படையாகச் சேர்த்தார். அதை மென்மையாகச் சொல்லவும் இல்லை. பகட்டு மிகுந்த அவ்வாய்வுக்கு அடித்தளமே இல்லை என்ற பொருள்பட எழுதினார்.

ஏழாண்டுக்கு முன் அடித்த (இ)யை, அடித்த கையே மீண்டும் எழுதிவைத்தது. 1932இல் சாட் தேர்வில் ஆறாண்டு நடந்த ஆய்வுகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு, ‘பிழையைப் பற்றிய ஓர் ஆய்வு’ என்ற பொருளுடையது. 1923ஆம் ஆண்டு நூலின் தலைப்புக்கு அருகே அதை வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. பின்னர், தேர்வுகள் அனைத்தையும் நடத்த ஒரு பெரிய தேசிய நிறுவனம் அமைக்கும் முயற்சி எழுந்தபோது அவர் எதிர்த்தார். தேர்வை விற்கும் நிறுவனம், அத்தேர்வைத் தானே ஐயுற்று ஆராயும் வேலையைக் கைவிட்டுவிடும் என்று அஞ்சினார். 1943இல் அவர் இறந்தார். 1947 இறுதியில் அந்த நிறுவனம் பிறந்தது. 1948இல் எல்சாட் தேர்வு தொடங்கியது.

*

இந்த வரலாற்றை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஓர் உருக்கமான முடிவையும் சேர்த்துவிடுவேன். பிரிகமின் நூல் 1923இல் வந்தது. 1924 மே மாதம் குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. ஆகவே ஒரு பிழையான வாதம் ஒரு சட்டத்தைப் பெற்றெடுத்தது. அன்று மாலையும் அப்படித்தான் முடித்தேன். தென்கிழக்கு ஐரோப்பியர் பெருவாரியாக வருவதற்கு முன்பிருந்த 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைத் தேர்ந்தெடுத்து, அதில் கண்ட ஒவ்வொரு நாட்டவர் தொகையில் நூற்றுக்கு இரண்டு பேருக்கே ஆண்டுதோறும் இடம் என்று அச்சட்டம் வகுத்ததையும் விளக்கினேன்.

மாணவி சற்றுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “1924க்கு முன்னாடி இந்த மாதிரிச் சட்டமே இல்லையா ஐயா?”

இருந்தது. 1921இலேயே முதல் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்துவிட்டது. 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு மூன்று என்ற கணக்கு. பிரிகமின் நூலுக்கு ஈராண்டு முந்தியது அது. ஆசியர்க்கோ கதவு 1917லேயே சாத்தப்பட்டிருந்தது. இந்தியர்க்கு அது 1946இல் திறந்தபோதும் ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவில்தான் திறந்தது. காரணம் என்று நான் சொன்னது வருவதற்கு முன்பே காரியம் தொடங்கியிருந்தது.

அவள் போன பிறகு நான் மீண்டும் தேடிப் படித்தேன். ஸ்டீபன் ஜே கூல்ட் 1981இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், படைத் தேர்வுகள் 1924ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வலுவாக உதவின என்ற கருத்து உண்டு. நான் நம்பியிருந்தது அதைத்தான். ஆனால் 1983இல் மார்க் ஸ்னைடர்மனும் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைனும் நாடாளுமன்ற ஆவணங்களை ஆராய்ந்து, அந்த விவாதங்களில் அறிவுத் தேர்வுகள் பெற்ற இடம் மிகச் சிறிது என்று காட்டியிருக்கிறார்கள். அவர்கள் எழுத்தோடு எனக்கு வேறு இடங்களில் உடன்பாடில்லை. அந்த உடன்பாடின்மையைக் கொண்டு இந்தச் சான்றைத் தள்ளினால், அது என் மாணவியிடம் நான் தவறென்று சொன்ன (ஆ)வைத் தேர்வதாகும்.

முடிவில் என் வாதம் சுருங்கிவிட்டது. ஒரு நூல் ஒரு சட்டத்தைப் பெற்றெடுத்தது என்று நான் இனிச் சொல்ல முடியாது. வெறுப்பும் வேலைப் போட்டியின் அச்சமும் இன மேட்டிமையும் அச்சட்டத்துக்கு முன்னமே இருந்தன. பல்கலைக்கழக அச்சகத்தின் முத்திரையோடு வந்த ஒரு நூல் அந்த வெறுப்புக்கு எண்களின் உடையை அணிவித்தது என்ற அளவில் மட்டுமே சொல்லலாம். சொல்லும்போது முன்பிருந்த உருக்கம் வரவில்லை. ஆனால் தாங்குகிறது.

பிரிகமின் மறுப்பு வெளிவந்த பிறகும் தேசவாரி ஒதுக்கீடு அசையவில்லை. 1930களில் ஐரோப்பாவிலிருந்து தப்பி வர முயன்ற யூதர் பலர் அந்த எண்ணிக்கை வரம்புகளின் முன் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தனர். ஒதுக்கீட்டு முறை 1965இல்தான் நீக்கப்பட்டது. தேர்வுத்தாளில் ஒரு வாதம் வலுவிழந்தால் நமக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். வெளியுலகில் ஏது வீழ்ந்த பிறகும் முடிவு நெடுங்காலம் நின்றுகொண்டிருக்கும்.

ஆனாலும் அந்த 1930ஆம் ஆண்டுக் கட்டுரையை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். பிறர் வாதத்தில் பள்ளம் காண்பது பயிற்சியால் வரும். இரண்டு நிமிடத்தில் வரும். தம் பெயரால் அச்சேறி, தமக்குப் பதவி தேடித் தந்த வாதத்தில் அதைக் கண்டு, கண்டதைத் தம் பெயராலேயே எழுதுவதற்குப் பிரிகமுக்கு ஏழாண்டு ஆயிற்று. நான் தேதிகளைக்கூடச் சரிபாராமல் அந்த உருக்கமான முடிவைச் சொல்லி வந்தது அதைவிட நீண்ட காலம். அதைக் களைந்தவள், வலுவிழக்கச் செய்யும் வினா தனக்கு வரவே வராது என்று சொல்லிக்கொண்டு வந்தவள்.